தரை தட்டும் நாள்

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "டீச்சர், இது எப்ப தரை தட்டும்?"

வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால், அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் கேரியரில் கட்டி உரக்கடைத் தராசுக்குக் கொண்டுபோவார். எடையை நோட்டில் குறித்து, கோடு போட்டு, "வர்ற மாசம் ஒம்பதாம் தேதி வியாழக்கெழம காலி" என்று மனைவியிடம் அறிவிப்பார். ஒருமுறை அந்த அம்மாவின் தம்பி குடும்பத்தோடு வந்து நாலு நாள் தங்கிவிட்டார். சிலிண்டர் திங்கட்கிழமையே தீர்ந்தது. "கோடு வளைஞ்சுபோச்சு டீச்சர்" என்று என்னிடம் வந்து நின்றார். மச்சான் வந்துபோன சந்தோஷமே முகத்தில் இல்லை. "உங்க கோட்டை அடுப்புல வச்சா சோறு வேவுமா?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கத்தியதாகவும் அவரே சொன்னார்.

ஊரில் எல்லோரும் அவரை லஸ்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றின் குறுக்கே உள்ள ஷட்டர்களை ஏற்றி இறக்குவதும், பாலத்துச் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கும் அளவைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறிப்பதும் அவர் வேலை. அவருக்குப் பெயர் இருந்தது. நான் அதை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை எழுதுகிற தகுதியை நான் தொலைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

எனக்கு அது முதல் வேலை. குடவாசலிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் உள்ளே போனால் வரும் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு. ஒன்பதாம் வகுப்பின் ஜன்னல் ஆற்றங்கரையைப் பார்த்திருக்கும். ஒருநாள் நான் நேர்கோட்டுச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி முழுப் பாடவேளையும் நின்றுகொண்டிருந்தார். பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. யாரடா இந்த ஆள் என்று எனக்குக் கோபம். மணியடித்ததும் வெளியே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அதற்குள் அவரே வாசலுக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அந்தச் சாஞ்ச கோடு கீழ்க்கோட்டைத் தொடுற எடத்தை, வரையாமலே கண்டுபிடிக்கலாம்னு சொன்னீங்களே. அது எப்படிங்க?"

ஐம்பது வயது மனிதர். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்றவர் என்பது பிறகு தெரிந்தது. நான் அவர் நோட்டிலேயே எழுதிக் காட்டினேன். y என்பது உயரம், x என்பது நாள். கீழ்க்கோட்டைத் தொடும் இடத்தில் உயரம் இல்லை. அதனால் y இருக்கும் இடத்தில் பூஜ்யத்தைப் போடுங்கள். y = 60 − 3x என்றால், 0 = 60 − 3x. மூன்று x அந்தப் பக்கம் போனால் 3x = 60. x இருபது. இதற்குப் பெயர் x-வெட்டுத்துண்டு.

"வெட்டுத்துண்டா? கறிக்கடையில கேக்குற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தார். அன்றைக்கே அதைத் 'தரை தட்டுற எடம்' என்று மாற்றிக்கொண்டார். y-வெட்டுத்துண்டு 'கெளம்புன எடம்' ஆயிற்று. கொஞ்ச நாளில் என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "கழித்தல்ல இருந்த மூணு எக்ஸு, அந்தப் பக்கம் போனதும் எப்படிங்க கூட்டலாச்சு?"

"அந்தப் பக்கம் போனா மாறிடும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரே விடையோடு வந்தார். "எதுவும் அந்தப் பக்கம் போவல டீச்சர். ஷட்டருக்கு மேலயும் கீழயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்குதுன்னு வச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் மூணு எக்ஸைச் சேத்து ஊத்துறோம். மட்டம் மாறாதுல்ல? இங்க இருந்த பள்ளம் ரொம்பிடுச்சு, அங்க புதுசா மூணு எக்ஸு நிக்குது. அவ்ளோதான்." பி.எட். வரை படித்த எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த வாரமே அதை என் சொந்தச் சரக்கு மாதிரி வகுப்பில் நடத்தினேன்.

மாலையில் பள்ளி விட்டதும் பாலத்தின் அருகே ஸ்கூட்டியை நிறுத்துவேன். அவர் அன்றைக்குப் போட்ட கணக்குகளை நீட்டுவார். நான் சிவப்புப் பேனாவால் டிக் போடுவேன். என் டிக்குக்கு வால் நீளம். பாதித் தாளுக்கு இழுத்துவிடுவேன். சக ஆசிரியர்கள்கூட, "இவ டிக்கைத் தனியா அடையாளம் தெரியும், கொடிக்கயிறு மாதிரி" என்று கேலி செய்வார்கள். அந்த வாலைப் பார்த்தால் அவர் முகம் மலரும் பாருங்கள், ஐம்பது வயதில் அப்படி ஒரு மலர்ச்சி. "பத்தாவது கணக்கைத் தனியா எழுதிடுங்க அண்ணே" என்று நான்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன்.

படிப்பு ஏற ஏற அவருடைய சேட்டையும் ஏறியது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருந்தது. காலை ஒருமுறையும் மதியம் ஒருமுறையும் குச்சியை விட்டு அளந்தார். கோட்டைப் பின்பக்கமாக நீட்டி, "இது காலையில அஞ்சு மணிக்கு ரொப்புனது இல்ல, நேத்து சாயங்காலமே ரொப்பிட்டாங்க" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார். வாட்ச்மேன் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. இன்னொரு நாள் என் சாக்பீஸ் பெட்டியைப் பார்த்து, "டீச்சர், நீங்க எழுதற வேகத்துக்கு இது பொங்கலுக்குள்ள தரை தட்டிடும்" என்றார். தட்டியது.

முடிவைத் தேடுகிற மனிதர் என்பதால் அவரைச் சோகமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை நானே கேட்டேன், எல்லாவற்றுக்கும் கடைசி நாளை ஏன் தேடுகிறீர்கள் என்று.

"கடைமடைக்காரன் டீச்சர் நான். எங்க ஊருல தண்ணி வர்ற நாளை எல்லாரும் சொல்லுவாங்க. மாலை போடுவாங்க, பூ தூவுவாங்க. நிக்கிற நாளை ஒருத்தனும் சொல்ல மாட்டான். திடீர்னு ஒருநாள் காலையில போயிப் பாத்தா வாய்க்கால் காஞ்சு கெடக்கும். முன்கூட்டியே தெரிஞ்சா மனுசன் ஏதாவது பண்ணிக்குவான்ல."

அந்த வருஷம்தான் அப்படி ஒரு நாள் வந்தது. மேலே அணையில் தண்ணீர் குறைந்து, சம்பா கதிர் விடுகிற நேரத்தில் திறப்பைக் குறைத்துவிட்டார்கள். பாலத்துச் சுவரில் அளவு தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். மறுநாள் தொண்ணூற்றிரண்டு. அப்புறம் எண்பத்தெட்டு, எண்பத்து நாலு, எண்பது. புள்ளிகள் அவ்வளவு ஒழுங்காக விழுந்தன. பாடப்புத்தகத்தில்கூட அப்படி விழாது. ஐந்தாம் நாள் மாலை அவர் கிராஃப் தாளை என் ஸ்கூட்டியின் சீட்டில் விரித்தார். y = 96 − 4x. பூஜ்யம் போட்டால் 4x = 96. x இருபத்து நாலு. நாலு நாள் போய்விட்டது, இன்னும் இருபது நாள் தண்ணீர் வரும்.

"சரியா பாருங்க டீச்சர். இது சாக்பீஸ் இல்ல. நாலு பேரு பயிரு."

பார்த்தேன். ஒரு வரி விடாமல் பார்த்தேன். மூலையில் நீள வாலோடு டிக் போட்டு, "சென்டம்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் நேராக சரோஜா வீட்டுக்குப் போயிருக்கிறார். சரோஜா கடைமடையில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்த பெண். கணவர் இல்லை. மகள் என் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். பக்கத்து வயல்காரர் போர்வெல் வைத்திருந்தார். "இந்த வாரத்துக்குள்ள சொன்னா உங்களுக்கும் ஓஸ் இழுத்து விடுறேன், அப்பறம் கேட்டா வரிசை இருக்காது" என்று சொல்லியிருந்தார். சரோஜாவின் பயிருக்கு இருபது நாள் தண்ணீர் வேண்டும். ஆற்றில் இருபது நாள் இருக்கிறது என்று தாள் சொன்னது. அவள் போர்த் தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று நான்கு பேரும் வேண்டாம் என்றார்கள்.

நான் டிக் போட்டதிலிருந்து எட்டாம் நாள் காலையில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

ஆற்றில் இருந்தது. அதுதான் கொடுமை. சுவரில் அளவு நாற்பத்தெட்டு காட்டியது. கோடு ஒரு மயிரிழைகூட வளையவில்லை. ஆனால் கடைமடைக்குப் பிரியும் வாய்க்காலின் வாயை முந்தின கோடையில் கான்கிரீட் போட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கட்டியவர்கள் அதன் தரையை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். சுவரில் எழுதிய பூஜ்யம் ஆற்றின் தரை. வாய்க்காலுக்குத் தரை நாற்பத்தெட்டில் இருந்தது. 96 − 4x = 48 என்று போட்டிருக்க வேண்டும். x பன்னிரண்டு. சரியாகப் பாதி. பூஜ்யத்தைப் போடு, பூஜ்யத்தைப் போடு என்று சொல்லிக்கொடுத்த நான், எது பூஜ்யம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் நடந்திருந்தால் அந்த வாயைப் பார்த்திருக்கலாம்.

நான் பள்ளிக்குப் போகும்போது பாலத்தில் கூட்டம். ஸ்கூட்டியை நிறுத்தினேன். நடுவில் அவர் நின்றார்.

"பத்தாங்கிளாஸ் பெயிலு. இவன் கணக்கை நம்பி போர்த் தண்ணியை விட்டோம் பாரு, எங்களச் சொல்லணும்."

"இனிமே எங்க போயி ஓஸ் கேக்கறது? வரிசையில முப்பது பேரு நிக்கிறான்."

"யாரைக் கேட்டுய்யா இருவது நாள்னு சொன்ன?"

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "யாரையும் கேக்கல. நான் போட்டதுதான். வாய்க்கா வாயிலயே நின்னு வேலை பாக்குறவன், தரை ஏறுனதை மறந்துட்டேன். என் தப்பு." தாளின் மேல் மூலை கிழிந்திருந்தது. டிக் இருந்த மூலை. அவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். கூப்பிடுகிற பார்வை இல்லை. போய்விடுங்கள் என்கிற பார்வை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஊர் என்னைத் திட்டினால் என்ன ஆவது என்று பயம். மணியடிக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். கூட்டத்தின் ஓரத்தில் சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் யாரையும் திட்டவில்லை.

அந்த வருஷம் அவள் அறுத்ததில் பாதிக்கு மேல் பதர். மறுவருஷம் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போனாள். லஸ்கர் அறுவடை அன்று அவள் களத்தில் போய் நின்று, தூற்றும் வரை இருந்துவிட்டுத் திரும்பினார் என்று அவள் மகள் வகுப்பில் சொன்னாள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எதையும் எப்போது தரை தட்டும் என்று கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிற்கவில்லை. பரீட்சைக்கும் போகவில்லை. ஒருநாள் பிடித்துக் கேட்டேன். "வேலை இருக்கு டீச்சர்" என்றார். கோடைவிடுமுறைக்கு முன் தஞ்சாவூருக்கு எனக்கு மாறுதல் வந்தது. சொல்லிவிட்டுப் போகலாம் என்று பாலத்துக்குப் போனேன். அவர் ஆற்றில் இறங்கி, சுவரில் நாற்பத்தெட்டுக்கு நேராகச் சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வர்றவனுக்குத் தெரியணும்ல டீச்சர், எங்கேருந்து எண்ணணும்னு" என்றார். பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு, "நம்ம கணக்குல பிசகு இல்ல" என்றவர், சட்டென்று நிறுத்தித் திருத்திக்கொண்டார். "என் கணக்குல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஆற்றில் ஆள் யாரும் இல்லை, அவரும் நானும்தான். "உடம்பைப் பாத்துக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தஞ்சாவூரில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வருஷாவருஷம் அதே பாடம் வரும். பிள்ளைகளிடம் எது பூஜ்யம், யார் வைத்த பூஜ்யம் என்று அரை மணி நேரம் கேட்டு உயிரை வாங்குவேன். நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். எங்கிருந்து வாங்கினேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன மாசம் அவர் இறந்துபோனார் என்று சரோஜாவின் மகள் போனில் சொன்னாள். அவள் இப்போது மயிலாடுதுறையில் நர்ஸ். பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் நாள் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி பழைய நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு நோட்டுக்குள் அவர் போகாத பத்தாவது பரீட்சையின் ஹால் டிக்கெட் இருந்தது. அதோடு கையகலக் கிராஃப் தாள் துண்டு ஒன்று.

"இதைத்தான் டீச்சர், என்னன்னே தெரியல. தூக்கிப்போடப் போனா, இருக்கட்டும் இருக்கட்டும்னு புடுங்கி உள்ள வச்சுக்குவாரு."

சிவப்பு மை வெளிறியிருந்தது. வால் அப்படியே இருந்தது.

அங்கிருந்து நேராக சரோஜா வீட்டுக்கு நடந்தேன். வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று எழுந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்று தெரியும். கையிலிருந்த துண்டை நீட்டினேன்.

"சரோஜா, அந்தக் கணக்கை நான்தான் பாத்துக் குடுத்தேன். சரின்னு டிக் போட்டது நான். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவள் துண்டை வாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும் டீச்சர்."

எப்படி என்று கேட்டேன்.

"எம்பொண்ணு நோட்டுல தெனம் பாக்குற வாலு, எனக்குத் தெரியாதா? அண்ணன் தாளைக் கொண்டாந்து காட்டுனப்ப மூலையில இருந்துச்சு. அவரு மட்டும் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். டீச்சரே சரின்னுட்டாங்களேன்னுதான் போர்த் தண்ணி வேணாம்னேன். கூட்டத்துல மூலை கிழிஞ்ச தாளைக் காட்டுனாரு பாருங்க, அப்ப உங்களைத்தான் பாத்தேன். நீங்க வண்டியை எடுத்துட்டீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் வந்தேன். பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்தேன். அண்ணன்தான் சைக்கிளைக் குறுக்க போட்டு நிறுத்துனாரு. டீச்சரு சின்னப் பொண்ணும்மா, பயந்துருக்கு, தானா வந்து சொல்லும், அதுவரைக்கும் நீ யாருகிட்டயும் பேசாதன்னாரு. நானும் பேசல."

வாசலில் சிந்தியிருந்த அரிசியை அவள் விரலால் ஒதுக்கிச் சேர்த்தாள்.

"எப்பண்ணே வருவாங்கன்னு கேட்டேன் டீச்சர். எல்லாத்துக்கும் நாள் குறிக்கிற மனுசன்ல. அதுக்கு மட்டும் கணக்கு போட மாட்டேன்னுட்டாரு."